சம்பளப் பேச்சைக் காப்பாற்றாத முதலாளியிடம் பாக்கியைப் பெறுவது எப்படி

"அடுத்த வாரம் போட்டுவிடுகிறேன்", "பெரிய பேமென்ட் ஒன்று வரவேண்டியிருக்கிறது, வந்ததும் முதலில் உங்களுக்குத்தான்", "ஏப்ரல் வரை பொறுங்கள், நல்ல இன்கிரிமென்ட் இருக்கிறது" என்ற சொற்களைக் கேட்காத தனியார் நிறுவன ஊழியர் தமிழ்நாட்டில் குறைவு. திருப்பூரின் பின்னலாடைப் பட்டறையிலும், சென்னையின் சிறிய மென்பொருள் நிறுவனத்திலும், மாவட்டத் தலைநகரின் ஜவுளிக்கடையிலும் இதே சொற்கள்தான் சொல்லப்படுகின்றன. அவற்றை நம்பி இரண்டு மாதம், நான்கு மாதம் என்று வேலை செய்துவிட்டு, பிறகு எங்கே போய் முறையிடுவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதில் சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: முதலாளி வாயால் சொன்னதை, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், தேதியும் தொகையும் உள்ள எழுத்தாக மாற்றிவிட வேண்டும்.

எது பாக்கி, எது எதிர்பார்ப்பு

முதலாளியிடம் பேசப் போவதற்கு முன்பு, உங்களுக்கு வரவேண்டியது என்று நினைக்கும் தொகையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வேலை செய்து முடித்த மாதத்தின் சம்பளம், கூடுதல் நேரம் பார்த்த வேலைக்கான பணம், பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாமல் விட்ட வருங்கால வைப்பு நிதி ஆகியவை முதல் வகை. இவற்றில் முதலாளியின் விருப்பத்துக்கு இடமே இல்லை. சட்டப்படி அவை கடன். பணி நியமனக் கடிதத்திலோ மின்னஞ்சலிலோ எழுதித் தரப்பட்ட இன்சென்டிவ், சேரும்போது தருவதாகச் சொன்ன போனஸ், இத்தனை ஆண்டு இருந்தால் தரப்படும் ஊக்கத்தொகை ஆகியவை இரண்டாம் வகை. இவை கிடைப்பது, எழுதப்பட்ட நிபந்தனையின் சொற்களைப் பொறுத்தது. "நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது" என்ற தொடர் அதில் இருந்தால் உங்கள் பிடி தளர்ந்துவிடும்; "இலக்கை எட்டினால் விற்பனையில் இத்தனை சதவீதம் வழங்கப்படும்" என்று இருந்தால், இலக்கை எட்டியதைக் காட்டினால் போதும். வாயால் மட்டும் சொன்ன சம்பள உயர்வு, லாபத்தில் பங்கு, பதவி உயர்வோடு வரும் தொகை ஆகியவை மூன்றாம் வகை. வாய்மொழி ஒப்பந்தமும் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லும் என்றாலும், அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

இந்தப் பிரிவினையைச் செய்யாமல் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்பவர்கள், வராத இன்கிரிமென்டைப் பற்றிய வாக்குவாதத்தில் சிக்கி, வந்தே தீரவேண்டிய சம்பளத்தையும் இழுபறியில் விட்டுவிடுகிறார்கள். ஆகவே முதல் வகையைத் தனியாகவும் முதலாவதாகவும் கேளுங்கள்.

வேலையில் சேரும்போது சொல்லப்படும் ஆண்டு மொத்தத் தொகையான சி.டி.சி.யைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதில் நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, ஆண்டு இறுதியில் வந்தாலும் வரக்கூடிய தொகை எல்லாம் அடங்கியிருக்கலாம். கையில் குறைவாக வருகிறது என்பதாலேயே பேச்சுத் தவறிவிட்டது என்று ஆகாது. நியமனக் கடிதத்தின் இணைப்பில் உள்ள சம்பளப் பிரிவுகளைச் சம்பளச் சீட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே குறை சொல்லுங்கள்.

சட்டம் குறிக்கும் நாள்

ஊதியம், குறைந்தபட்சக் கூலி, போனஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக இருந்த பழைய சட்டங்களின் இடத்தில், ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 என்ற ஒரே சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன்படி மாதச் சம்பளக்காரருக்கு அடுத்த மாதம் 7ஆம் தேதி முடிவதற்குள் சம்பளம் வந்துவிட வேண்டும். வாரச் சம்பளம் என்றால் வார விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாளில், தினக்கூலி என்றால் அன்றைய வேலை முடியும்போது தரவேண்டும். வேலையை விட்டு நீக்கினாலும், நீங்களே ராஜினாமா செய்தாலும், நிறுவனம் மூடப்பட்டாலும், சேரவேண்டிய ஊதியத்தை 2 வேலை நாட்களுக்குள் தந்துவிட வேண்டும் என்பது இதில் முக்கியமானது. "செட்டில்மென்ட்டுக்கு 45 நாள் ஆகும்" என்று பல நிறுவனங்கள் சொல்வது, அவர்கள் பழக்கத்தில் வைத்திருக்கும் கணக்கே தவிர, ஊதியத்தைப் பொறுத்தவரை சட்டத்தின் கணக்கு அன்று.

இன்னொரு மாற்றத்தையும் பலர் கவனிக்கவில்லை. 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், கடைசியாக நிர்ணயிக்கப்பட்ட வரம்புப்படி, மாதம் ரூ. 24,000 வரை வாங்குபவர்களுக்கு மட்டுமே பொருந்தியது. அதற்கு மேல் வாங்கிய பொறியாளரும் மேலாளரும் வழக்கறிஞரைத் தேடிப் போகவேண்டியிருந்தது. புதிய சட்டத்தில் ஊதியப் பட்டுவாடாவுக்கு அந்த வரம்பு இல்லை. மேற்பார்வை, நிர்வாகப் பணிகளில் இருப்பவர்களும் ஊழியர் என்ற சொல்லுக்குள் வருகிறார்கள்.

பிடித்தங்களுக்கும் எல்லை உண்டு. சட்டம் அனுமதிக்கும் காரணங்களுக்காக மட்டுமே பிடிக்கலாம். எல்லாம் சேர்ந்தும் அந்த மாத ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அபராதம் என்றால், உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே விதிக்க முடியும். அது அந்த ஊதியக் காலத்தின் ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்ட முடியாது. மூன்று நாள் தாமதமாக வந்ததற்கு ஒரு நாள் சம்பளம் போகும் என்ற அலுவலக விதி, இந்த எல்லைக்குள் நிற்கிறதா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கூடுதல் நேர வேலைக்கு வழக்கமான ஊதிய விகிதத்தைப் போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் தரவேண்டும் என்பதும் இதே சட்டத்தில் இருக்கிறது.

பேச்சை எழுத்தாக்குதல்

தேதி ஒருமுறை தவறினால், நேரில் அமைதியாகக் கேளுங்கள். சிறு நிறுவனங்களில் பணம் உண்மையிலேயே முடங்கிப்போவதுண்டு. வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய தொகை தாமதமானால் முதலாளி திணறுவார். அதைப் புரிந்துகொள்வதில் தவறில்லை. ஆனால் நேரில் பேசி முடித்த அன்றே, பேசியதை உறுதிசெய்து ஒரு வாட்ஸ்அப் செய்தியோ மின்னஞ்சலோ அனுப்பிவிடுங்கள். குற்றம் சாட்டும் தொனி அதில் வேண்டியதில்லை. இப்படி எழுதினால் போதும்: "சார், இன்று காலை பேசியபடி, ஜனவரி மாதச் சம்பளம் ரூ. 28,000ஐ வரும் 15ஆம் தேதிக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்துவதாகச் சொன்னீர்கள். அதை நம்பி வீட்டு உரிமையாளரிடம் வாடகைக்குத் தேதி சொல்லியிருக்கிறேன். நன்றி."

இந்தச் சிறு செய்தியில் மாதம், தொகை, தேதி, ஒப்புக்கொண்டவர் என நான்கும் வந்துவிடுகின்றன. அவர் "சரி" என்று பதில் போட்டால் அது ஒப்புதல். பதிலே போடாவிட்டாலும், மறுத்து எழுதவில்லை என்பது பின்னர் உங்களுக்கு உதவும். சம்பள உயர்வு பற்றிய பேச்சுக்கும் இதே முறைதான்: "ஏப்ரல் முதல் மாதச் சம்பளம் ரூ. 34,000 என்று இன்று நீங்கள் சொன்னதற்கு நன்றி, இதற்கான கடிதம் எப்போது கிடைக்கும் என்று தெரிவிக்கவும்" என்று அனுப்பினால், மூன்றாம் வகையில் இருந்த ஒரு வாய்ச்சொல் இரண்டாம் வகைக்கு நகர்ந்துவிடுகிறது. அப்படி எழுதத் தயங்குபவர்கள், உறவு கெட்டுவிடும் என்று அஞ்சுகிறார்கள். தன் வாக்கைக் காப்பாற்றும் எண்ணம் உள்ள முதலாளிக்கு இந்தச் செய்தியால் எந்தச் சங்கடமும் இல்லை.

ஆவணங்களை வீட்டில் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சம்பளம் வந்த வங்கிக் கணக்கின் அறிக்கை, வருகைப் பதிவின் நகல் அல்லது படம், அடையாள அட்டை, பணி ஒதுக்கீட்டு மின்னஞ்சல்கள், வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு ஆகியவற்றின் எண்கள் ஆகியவை அதில் இருக்கவேண்டும். நியமனக் கடிதமே தராத நிறுவனம் என்றால், இப்போது எல்லா ஊழியருக்கும் அதைத் தருவது தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2020 இன்படி முதலாளியின் கடமை என்பதைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களின் ஸ்கிரீன்ஷாட்டுகளை மட்டும் எடுத்துவிட்டுப் பழைய கைப்பேசியை விற்றுவிடாதீர்கள். மின்னணு ஆவணத்தைச் சான்றாக வைக்கும்போது பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்கவேண்டியிருக்கும், அப்போது மூலக் கருவி கையில் இருப்பது பெரிய உதவி. நிறுவனத்தின் மின்னஞ்சல் கணக்கு எந்த நேரமும் முடக்கப்படலாம் என்பதால், உங்கள் சம்பளம் தொடர்பான கடிதங்களை முன்கூட்டியே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் பட்டியல், வணிகக் கணக்குகள் போன்ற நிறுவனத்தின் தரவுகளில் கை வைக்காதீர்கள்; உங்கள் நியாயமான கோரிக்கையைத் திசைதிருப்ப அது ஒன்றே அவர்களுக்குப் போதும்.

சில இடங்களில், குறிப்பாகச் சில தனியார் கல்வி நிறுவனங்களில், பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கையில் வேறொரு தொகையைத் தருவதும், வங்கியில் முழுத்தொகையைப் போட்டுவிட்டு ஒரு பகுதியைத் திருப்பி வாங்குவதும் நடக்கின்றன. திருப்பித் தந்த நாளையும் தொகையையும் ஏ.டி.எம். ரசீதோடு குறித்து வையுங்கள். நீங்கள் போட்ட கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும் நிலையில், அன்றன்று எழுதிய அந்தக் குறிப்புதான் உங்கள் பக்கம் பேசும்.

கோரிக்கைக் கடிதம்

சொன்ன தேதி இரண்டாம் முறையும் தவறினால் காத்திருப்பதை நிறுத்திவிட்டு முறையான கடிதம் எழுதவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் தவறுக்குப் பணத்தட்டுப்பாடு காரணமாக இருக்கலாம். இரண்டாவது முறை தவறும்போது, யாருக்கு முதலில் தருவது என்று முதலாளி ஒரு வரிசை வைத்திருக்கிறார், அந்த வரிசையில் நீங்கள் கடைசியில் இருக்கிறீர்கள் என்றே கொள்ளவேண்டும். மூலப்பொருள் தந்தவர் சரக்கை நிறுத்துவார், வங்கி கணக்கை முடக்கும், மின்வாரியம் இணைப்பைத் துண்டிக்கும். ஊழியர் மட்டும் மறுநாளும் வேலைக்கு வருவார் என்பதால்தான் அந்தக் கடைசி இடம் உங்களுக்குக் கிடைக்கிறது. கடிதம் கீழ்க்கண்டவாறு இருக்கலாம்.

"பொருள்: ஜனவரி, பிப்ரவரி மாதச் சம்பளப் பாக்கி ரூ. 46,000 குறித்து. ஐயா, தங்கள் நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றி வருகிறேன். என் மாதச் சம்பளம் ரூ. 28,000. ஜனவரி மாதச் சம்பளம் முழுவதும் வழங்கப்படவில்லை. பிப்ரவரி மாதத்துக்கு ரூ. 10,000 மட்டும் வழங்கப்பட்டு, ரூ. 18,000 பாக்கி உள்ளது. இத்தொகையை 15ஆம் தேதிக்குள் தருவதாகவும், பின்னர் 25ஆம் தேதிக்குள் தருவதாகவும் தாங்கள் தெரிவித்த செய்திகளின் நகல்களை இணைத்துள்ளேன். இக்கடிதம் கிடைத்த 7 நாட்களுக்குள் மொத்தத் தொகையை என் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி தொழிலாளர் துறையில் மனு செய்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை."

இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். உங்கள் உழைப்பின் பெருமை, முதலாளியின் குணம், வீட்டின் கஷ்டம் ஆகியவை இந்தக் கடிதத்துக்கு உரியவை அல்ல. ஒரு நகலை மின்னஞ்சலிலும், மற்றொன்றை ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பி, ரசீதையும் கடிதம் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள். உங்களைப் போலவே பாக்கி உள்ளவர்கள் இருந்தால் சேர்ந்து கையெழுத்திடுங்கள். ஒருவரை மட்டும் தனிமைப்படுத்திப் பழிவாங்குவது அப்போது கடினமாகும். ஆனால் கோபத்தில் எல்லோரும் ஒரே நாளில் வேலையை நிறுத்திவிடக் கூடாது. புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, முன்னறிவிப்புக் கொடுத்து 14 நாட்கள் கழியாமல் வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதமாகும். பாதி அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பேசிவைத்துக்கொண்டு தற்செயல் விடுப்பு எடுப்பதும் வேலைநிறுத்தமாகவே கொள்ளப்படும்.

கடிதத்துக்குப் பதிலாகச் சிலர் பின்தேதியிட்ட காசோலை தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், அது பாக்கியை ஒப்புக்கொண்டதற்கு நல்ல சான்று. அதிலுள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட்டுவிட வேண்டும். பணமில்லாமல் திரும்பினால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துமூல நோட்டீஸ் அனுப்பி, அது கிடைத்த 15 நாட்களுக்குள்ளும் பணம் வராவிட்டால், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யலாம். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின் இந்த நாட்கணக்கு தவறினால் அந்த வழி அடைபட்டுவிடும் என்பதால், காசோலை திரும்பிய அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள்.

வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும்

சம்பளம் தாமதமாக வரத் தொடங்கும் நிறுவனத்தில், அதற்கு முன்பே வருங்கால வைப்பு நிதி கட்டுவது நின்றிருக்க வாய்ப்புண்டு. யு.ஏ.என். எனப்படும் உங்கள் வைப்பு நிதி அடையாள எண்ணைக் கொண்டு, இணையத்தில் வைப்பு நிதிப் பாஸ்புக்கைப் பாருங்கள். மாதச் சம்பளத்தில் பிடித்த தொகையையும் தன் பங்கையும் முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டவேண்டும். இ.எஸ்.ஐ.க்கும் அதே 15ஆம் தேதிதான். அதில் ஊழியர் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். சம்பளத்தில் பிடித்த வைப்பு நிதியைக் கட்டாமல் வைத்துக்கொள்வதைக் குற்றவியல் சட்டம் நம்பிக்கை மோசடியாகவே கருதுகிறது. வைப்பு நிதி நிறுவனத்தின் இணையப் புகார் வசதியில் சம்பளச் சீட்டை இணைத்துப் புகார் பதியலாம். நேரடியாகச் சம்பளம் கேட்டு அசையாத முதலாளிகள், வைப்பு நிதி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்ததும் பேச அழைத்ததுண்டு.

வேலையை விடுவதற்கு முன்

பாக்கியோடு வேலையை விட்டு வெளியேறியவர்கள் செய்யும் ஒரு தவறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ராஜினாமாக் கடிதத்தில், வழக்கம் என்பதற்காக, "சொந்தக் காரணங்களுக்காக" விலகுவதாக எழுதிவிடுகிறார்கள். சம்பளம் வராததால் விலகுகிறீர்கள் என்றால் அதையே, தொகையோடும் மாதங்களோடும், மரியாதையான சொற்களில் எழுதுங்கள். நோட்டீஸ் காலத்தை முழுதாக முடிக்கவில்லை என்று நிறுவனம் பின்னர் உங்களிடமே பணம் கேட்டால், தாங்கள்தான் முதலில் ஒப்பந்தத்தை மீறினீர்கள் என்று பதில் சொல்ல அந்த வரி அடிப்படையாகும்.

வெளியேறும் நாளில் நீட்டப்படும் காகிதங்களை நிதானமாகப் படியுங்கள். "எனக்குச் சேரவேண்டிய அனைத்தையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வாசகத்தின் கீழ் கையெழுத்துப் போட்டால்தான் பணியிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டர் கிடைக்கும் என்று சொல்வார்கள். சட்டப்படி சேரவேண்டிய தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. ஆனாலும் "பெற்றுக்கொண்டேன்" என்று நீங்களே எழுதித் தந்ததை மறுத்து நிரூபிப்பது பெரும்பாடு. முடிந்தால் மறுத்துவிடுங்கள். மறுக்க முடியாத நிலையில், கையெழுத்துக்கு மேல் "ரூ. இத்தனை மட்டும் பெறப்பட்டது, மீதி ரூ. இத்தனைக்கான உரிமைக்கு உட்பட்டு" என்று உங்கள் கையால் எழுதி, அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளில், எந்த உறுதிமொழியின் பேரிலும், கையெழுத்துப் போடக் கூடாது.

மடிக்கணினி, வாகனம், சாவி, வசூல் பணம் என நிறுவனத்தின் பொருள் எதுவானாலும், பட்டியல் போட்டு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாக்கிக்கு ஈடாக அவற்றை வைத்துக்கொண்டால், சம்பளம் கேட்டவர் என்ற நிலையிலிருந்து குற்றம் சாட்டப்பட்டவர் என்ற நிலைக்கு நீங்கள் தள்ளப்படுவீர்கள். முதலாளியின் பெயரைப் போட்டுச் சமூக ஊடகத்தில் வசைபாடுவதும் அவதூறு வழக்குக்கு இடம் கொடுக்கும். மாறாக, உங்கள் மூலச் சான்றிதழ்களை நிறுவனம் பிடித்து வைத்திருந்தால், அவற்றைக் கேட்டு எழுதிய கடிதத்தின் நகலோடு காவல் நிலையத்தில் புகார் கொடுக்கத் தயங்கவேண்டாம். சம்பளப் பாக்கிக்குக் காவல்துறை பெரும்பாலும் தொழிலாளர் அலுவலகத்தையே கைகாட்டும். சான்றிதழ் விஷயம் அப்படி அல்ல.

தொழிலாளர் துறையில் மனு

கடிதத்தில் குறித்த நாள் கடந்துவிட்டால், நிறுவனம் இருக்கும் மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போங்கள். வங்கி, காப்பீடு, ரயில்வே, துறைமுகம் போன்ற மத்திய அரசின் வரம்புக்குள் வரும் நிறுவனங்களின் ஊழியர்களும் அவற்றின் ஒப்பந்தத் தொழிலாளர்களும் மத்தியத் தொழிலாளர் ஆணையரின் அலுவலகத்தை அணுகவேண்டும். முதல் நாளிலேயே அந்த அலுவலகத்தில், எந்த அதிகாரியிடம் எந்த வடிவத்தில் மனு தரவேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மனுவோடு நாட்குறிப்புப் போன்ற ஒரு பக்க அட்டவணையை இணைப்பது நல்லது: எந்த மாதம், எவ்வளவு வரவேண்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் எந்த வாக்கு. பல கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் அலுவலருக்கு அந்த ஒரு பக்கமே உங்கள் வழக்கை விளக்கிவிடும்.

மனுவை நீங்களே தரலாம். நீங்கள் உறுப்பினராக உள்ள பதிவுபெற்ற தொழிற்சங்கமும் தரலாம். ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த பலருக்கும் சேர்த்து ஒரே மனுவாகவும் தரலாம். புதிய சட்டத்தில் உரிமை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டு வரை மனு செய்ய இடமுண்டு. 1936ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 12 மாதமாகத்தான் இருந்தது. ஆகையால் 2025 நவம்பருக்கு முந்தைய பாக்கி உள்ளவர்கள் மூன்று ஆண்டு இருக்கிறது என்று எண்ணிக் காலம் கடத்தவேண்டாம்.

விசாரணையில் உங்களுக்குச் சாதகமான ஒரு விதி இருக்கிறது: ஊதியம் தரவில்லை, குறைத்துத் தந்தார்கள் என்று மனு வந்தால், தந்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. இருந்தும், நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள், சம்பளம் இவ்வளவு என்பவற்றை நீங்கள்தான் காட்டவேண்டும். முன்பு சேர்த்த கோப்பின் பயன் அப்போது தெரியும். விசாரிக்கும் அதிகாரி பாக்கித் தொகையோடு, அதைப் போல் 10 மடங்கு வரை இழப்பீடும் வழங்க உத்தரவிடலாம். அது உச்சவரம்புதான், வழக்கமாகக் கிடைக்கும் அளவு என்று எண்ணிக் கடன் வாங்கிவிடாதீர்கள். உத்தரவுக்குப் பிறகும் பணம் தராவிட்டால், மாவட்ட ஆட்சியருக்கு வசூல் சான்று அனுப்பப்பட்டு, நிலவரிப் பாக்கியை வசூலிக்கும் முறையில் அது வசூலிக்கப்படும். மூன்று மாதத்தில் விசாரணையை முடிக்க முயலவேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் வாய்தாக்கள் நீளும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் தவறாமல் போங்கள். ஊழியர் ஊர் மாறி, சலித்து, வராமல் போய்விடுவார் என்பதைத்தான் எதிர்த்தரப்பு பெரிதும் நம்பியிருக்கிறது.

இடையில் சமரசம் பேச அழைப்பார்கள். ஒரே தவணையில் முழுத்தொகையும் தருவதானால் இழப்பீட்டை விட்டுக்கொடுத்து முடித்துக்கொள்வது பல நேரம் புத்திசாலித்தனம். தவணை என்றால், ஒவ்வொரு தவணைக்கும் தேதி, ஒன்று தவறினாலும் மீதி முழுவதும் உடனே தரவேண்டும் என்ற நிபந்தனை ஆகியவற்றோடு, அதிகாரியின் முன்னிலையில் எழுதிக் கையெழுத்தாக வேண்டும். வெளியில் தேநீர்க் கடையில் பேசி, மனுவை வாபஸ் வாங்கிவிட்டு வருவது கூடாது; முதலில் பணம், பிறகு வாபஸ்.

ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவர்கள் மனுவில் ஒப்பந்தக்காரரோடு, வேலை நடந்த முதன்மை நிறுவனத்தையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க மறக்கக் கூடாது. ஒப்பந்தக்காரர் ஊதியம் தராவிட்டால் அதைத் தரும் பொறுப்பு முதன்மை நிறுவனத்துக்கு வரும். தந்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் அது வசூலித்துக்கொள்ளலாம். கட்டடப் பணிகளிலும் பின்னலாடைத் தொழிலிலும் ஒப்பந்தக்காரர் ஒரே இரவில் காணாமல் போகும்போது, இந்த விதி ஒன்றே தொழிலாளியின் கைப்பிடி.

மூன்றாண்டு முடிவில் மொத்தமாகத் தருவோம் என்ற வாக்குறுதியைப் பற்றியும் சொல்லவேண்டும். கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களைக் குறைந்த மாதக்கூலிக்கு வைத்துக்கொண்டு, திருமணச் செலவுக்கு ஒரு தொகை கடைசியில் தரப்படும் என்று சொன்ன முறையில், காலம் முடிவதற்குள் உடல்நலம் குன்றி வெளியேறியவர்கள் அந்தத் தொகையை இழந்தார்கள். பெயர் மாறினாலும் இப்படிக் கடைசியில் தருவதாகச் சொல்லும் ஏற்பாடு எதுவானாலும், மாதந்தோறும் குறைந்தபட்சக் கூலியாவது முழுமையாக வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் மூன்றாண்டு முடியக் காத்திருக்காதீர்கள். குறைந்த ஒவ்வொரு மாதத்துக்கும் அன்றே உரிமை எழுந்துவிட்டது.

நீதிமன்றமும் பிற வழிகளும்

தரகு, விற்பனைக் கமிஷன், லாபப் பங்கு போன்றவை சட்டம் வரையறுக்கும் ஊதியம் என்ற சொல்லுக்குள் வராமல் போகலாம். அத்தகைய தொகைக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பி, உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். அதற்கான காலவரம்பு பொதுவாக 3 ஆண்டு. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று நின்றுவிடவேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் உள்ளிட்டோருக்குக் கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது. 15100 என்ற எண்ணில் அழைத்தும் உதவி கேட்கலாம். மனு கொடுத்தும் அலுவலகத்தில் அசைவில்லை என்றால், 1100 என்ற எண்ணில் முதல்வரின் முகவரித் துறையில் பதிவு செய்யுங்கள்.

நிறுவனமே நொடித்துப் போய்விட்டால் வேகம் மிகவும் முக்கியம். திவால் நடைமுறை தொடங்கியதாகப் பொது அறிவிப்பு வந்தால், அதற்கென நியமிக்கப்பட்ட அலுவலரிடம் ஊழியருக்கான படிவத்தில் உங்கள் பாக்கியைக் காலக்கெடுவுக்குள் பதிவு செய்யவேண்டும். சொத்துகளை விற்றுப் பங்கிடும் நிலை வந்தால், தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கி, அடமானம் பெற்ற வங்கிகளுக்குச் சமமான வரிசையில் நிற்கும். பிற ஊழியர்களின் 12 மாதப் பாக்கி அதற்கு அடுத்து வரும்.

பாக்கி மொத்தமாகக் கைக்கு வரும்போது வருமான வரியையும் கவனியுங்கள். முந்தைய ஆண்டுகளுக்குரிய சம்பளம் ஒரே ஆண்டில் சேர்ந்து வந்தால் வரி கூடுதலாகத் தோன்றும். அதற்கு நிவாரணம் கேட்க வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. நிறுவனம் உங்கள் சம்பளத்தில் பிடித்ததாகச் சொல்லும் வரி, உங்கள் பான் எண்ணின் கீழ் உண்மையிலேயே கட்டப்பட்டிருக்கிறதா என்பதை வருமான வரி இணையதளத்தில் உள்ள உங்கள் வரிப் பிடித்த அறிக்கையில் சரிபார்த்துவிட்டு, கட்டப்படாத தொகை இருந்தால் அதையும் பாக்கிப் பட்டியலில் சேர்த்துக் கேளுங்கள்.